ஓட்டை இல்லாத ரோடு

அத்தியாயம் 9

ரோட்டில் ஒரு ஓட்டைகூட இல்லை. அதுதான் வில்லங்கம்.

மாரமங்கலத்திலிருந்து காப்பித் தோட்டங்களுக்குள் போகும் அந்த ஒன்றேகால் கிலோமீட்டர் சிமெண்ட் ரோட்டை ஹேமலதா குனிந்த தலை நிமிராமல் இரண்டு தடவை நடந்து முடித்துவிட்டாள். இருபத்திரண்டு வருடம் தணிக்கைத் துறையில் ஊரார் ஃபைல்களைக் குடைந்துவிட்டு, வேலையை உதறி எறிந்துவிட்டு ஏற்காட்டில் துப்பறியும் ஏஜென்சி திறந்தவள் அவள். ஏன் உதறினாய் என்று யாராவது கேட்டால், "குப்பையைக் கிளறினா கோழிக்காவது தீனி கிடைக்கும். எனக்கு என்ன கிடைச்சுது?" என்பாள்.

பின்னாலேயே ஜீப்பை உருட்டிக்கொண்டு வந்த ஷெர்வின் தலையை வெளியே நீட்டினான். உதவியாளன், டிரைவர், வாய்க்கு வாய் பேசுபவன் என்று மூன்று வேலையையும் ஒரே சம்பளத்தில் பார்ப்பவன்.

"ஏனுங்க மேடம், ஊரே ரோட்டுல குழின்னு அழுவுது. குழி இல்லைன்னு அழற முதல் ஆளு நீங்கதானுங்க."

"அழறது நான் இல்லை. அவரு."

அவர் லூர்துராஜ். இந்த ரோட்டைப் போட்ட கான்ட்ராக்டர். ஓரமாக, மார்போடு ஒரு ஃபைலை அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். ஐம்பத்தேழு வயது. முப்பத்தொரு வருடமாக அரசாங்க வேலை மட்டுமே எடுத்துச் செய்கிற சின்னக் கம்பெனி அவருடையது. அவரையும் சேர்த்துப் பத்தொன்பது பேர். நாளைக் காலை பதினொரு மணிக்குச் சேலத்தில் விசாரணை. 'மாரமங்கலம் ரோடு தரமில்லை' என்று முடிவானால் கம்பெனியை பிளாக் லிஸ்டில் போட்டுவிடுவார்கள். அப்புறம் ஒரு சாக்கடை மூடிகூட அவரால் செய்து கொடுக்க முடியாது.

ஒரு ரோட்டின் தரத்தைச் சோதிக்க மெஷினை வைத்து உருளையாக ஒரு துண்டை வெட்டி எடுப்பார்கள். குழாய்ப்புட்டு மாதிரி முழுசாக வெளியே வரும். அதை லேபுக்கு அனுப்பி நசுக்கிப் பார்ப்பார்கள். எடுத்த இடத்தில் சொம்பு அகலத்துக்கு ஒரு ஓட்டை விழும். எத்தனை பூசினாலும் வட்டமாக ஒரு தழும்பு நிற்கும். லேப் அறிக்கைப்படி இந்த ரோட்டில் மூன்று துண்டு எடுத்திருக்கிறார்கள். மூன்றும் நனைந்த ரஸ்க் மாதிரி உடைந்திருக்கின்றன.

ஆனால் ரோட்டில் ஒரு தழும்பு இல்லை.

"அப்படின்னா இங்க சாம்பிளே எடுக்கலை. நேரா போய் அதைச் சொல்ல வேண்டியதுதானே?" என்றாள் ஹேமலதா.

லூர்துராஜ் செருப்பைப் பார்த்தார். "சொல்ல முடியாதுங்க அம்மா. சாம்பிள் எடுத்தப்ப நானும் கூட இருந்தேன்னு கையெழுத்துப் போட்டிருக்கறனுங்க."

"இருந்தீங்களா?"

"இல்லீங்க."

"அப்புறம்?"

"அக்ரிமெண்ட் அன்னைக்கே வாங்கிருவாங்க அம்மா. நாப்பது பேப்பர். எல்லாம் வெத்து ஃபாரம். எங்க போடோணும்னு பென்சில்ல பெருக்கல் குறி போட்டு வெச்சிருப்பாங்க. குறி இருக்கற எடத்துல போட்டுட்டே வருவேன். எல்லாக் கம்பெனியும் அப்படித்தானுங்க. படிச்சுப் பாத்தா ஐயாமாருக்குக் கோவம் வந்துரும்."

ஹேமலதாவுக்கு அவர் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. தன் கழுத்துக்கான கயிற்றைத் தானே முறுக்கிக் கொடுத்துவிட்டு, முறுக்கு சரியாக இருக்கிறதா ஐயா என்று வேறு கேட்கிற மனுஷன். பணிவு என்று இதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. அரசாங்க வேலை எடுக்கிற கம்பெனி என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். சுவரைக் கட்ட மூன்று மாதம் போதும். கட்டியதை நிரூபிக்க மூன்று வருடம் வேண்டும். வேலைக்கு முன்னால் ஒரு போட்டோ, நடுவில் ஒரு போட்டோ, முடிந்த பிறகு ஒரு போட்டோ. நடு போட்டோவில் பெயர்ப் பலகை விழவில்லை என்பதற்காக, கண்ணெதிரே நிற்கிற தடுப்புச் சுவரை 'கட்டப்படவில்லை' என்று எழுதிய ஆபீஸை அவளே தணிக்கை செய்திருக்கிறாள். அந்த அதிகாரி அதை எழுதியது அதே சுவரில் சாய்ந்து நின்றுகொண்டுதான்.

லூர்துராஜ் குரலைத் தாழ்த்தினார். "இது சதிங்க அம்மா. டெண்டர்ல எனக்கு அடுத்து வந்தது ஒரு சேலத்துக் கம்பெனி. நொம்பப் பெரிய எடம். நான் போயிட்டா அடுத்த ரோடெல்லாம் அவங்களுக்குத்தான். உதவிப் பொறியாளர் விஜயகுமார் ஐயாவைக் கையில போட்டுக்கிட்டு..."

"சதி பண்ண உடம்பு வளையணும்," என்றாள் ஹேமலதா. "விஜயகுமார் இந்த ரோட்டுக்கு எத்தனை தடவை வந்திருக்காரு?"

லூர்துராஜ் யோசித்தார். "வந்ததில்லீங்க. பதினெட்டு கிலோமீட்டர் வளைவு ரோடு, அவருக்குக் கொமட்டுமுங்க. அளவெல்லாம் ஆபீஸ்லயே எழுதிக்குவாரு."

"வெட்டற மெஷின் எதுல ஓடும்?"

"கரண்ட்டுலதானுங்க. தண்ணியும் ஊத்திட்டே இருக்கோணும். ஆபீஸ்ல ஜெனரேட்டர் வண்டி ஒண்ணு இருக்குது. ரெண்டு வருசமா ரிப்பேருங்க."

"இந்த ரோட்டுல பிளக் எங்க இருக்கு?"

லூர்துராஜ் திரும்பிக் கை காட்டினார். மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே தகரக் கொட்டகை ஒன்று. அவர் சிமெண்ட் மூட்டை வைக்கும் சைட் ஷெட். "ஒண்ணேகால் கிலோமீட்டருக்கும் அது ஒண்ணுதானுங்க. அங்க யாரும் வந்து கேக்கலை."

ஹேமலதா ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். "ஷெர்வின், நீ விஜயகுமார்னு வெச்சுக்க. மெஷின் கையில இருக்கு. மலை ஏறினா வாந்தி வரும். சாயங்காலத்துக்குள்ள மூணு சாம்பிள் வேணும். எங்க போவ?"

"பிளக்கும் தண்ணியும் ஒரே எடத்துல கிடைக்கோணும். கூட டீ கிடைச்சாச் சொர்க்கமுங்க." ஷெர்வின் சாவியைத் திருப்பினான். "அவங்க ஆபீஸுக்குக் கிட்டவே வெள்ளக்கடையில ஒரு சிமெண்ட் ரோடு போட்டிருக்காங்க மேடம். அங்க ரோட்டோரமா கமலாக்கா டீக்கடை. போண்டா நல்லா இருக்கும்."

"பார்த்தியா. அதிகாரி மாதிரியே யோசிக்கிறே."

"திட்டறதுன்னா நேரடியாத் திட்டுங்க."

*

கமலாவின் கடை ஒரு பெஞ்சு, ஒரு அடுப்பு, மேலே ஒரு நீலத் தார்ப்பாய். தார்ப்பாயின் முன்பக்கத்தை மூன்று மூங்கில் கம்புகள் தாங்கிக்கொண்டிருந்தன. ஷெர்வின் போண்டாவைக் கடித்தபடியே கம்புகளைச் சுற்றி வந்தான். பிறகு மெல்லுவதை நிறுத்தினான்.

"ஏனுங்க்கா, கல்லு முட்டுக் குடுக்கல, கயிறு கட்டல. சிமெண்ட் ரோட்டுல கம்பு எப்படி நிக்குது?"

"அதா கண்ணு?" கமலா டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள். "கவர்மெண்டே வந்து குழி போட்டுக் குடுத்துட்டுப் போச்சு. மழைக்காலத்துல எத்தனை தடவை சாஞ்சிருக்கும் இந்தப் பாயி. இப்ப ஆடாம அசையாம நிக்குது."

மூன்று கம்பு, மூன்று ஓட்டை. அரை கிலோமீட்டருக்கு ஒன்றாக எடுக்க வேண்டியவை, ஒயர் எட்டிய தூரத்துக்குள் நாலு எட்டுக்கு ஒன்றாக வரிசையாக இருந்தன. ஹேமலதா உட்கார்ந்து ஒரு கம்பை உருவினாள். ஓட்டையின் விளிம்பை ஜீப் சாவியால் சுரண்டினாள். மணல் பொலபொலவென்று உதிர்ந்தது.

"யாருங்க வந்தது?" என்றாள்.

"ஜீப்புல ஒரு ஆபீசரு. இந்தப் பெஞ்சை உட்டு எந்திரிக்கவே இல்லீங்க. நாலு போண்டா. மெஷின் ஆளு நம்ம பிளக்குல மாட்டித்தான் ஓட்டுனாரு. நடுவுல டப்புனு ஒரு சத்தம், என்ற மிக்ஸி போயிருச்சு. அன்னைக்கே ரிப்பேருக்குக் குடுத்தேன். சீட்டு கூட இருக்குது பாருங்க."

சீட்டில் தேதி பன்னிரண்டு. லேப் அறிக்கையில் சாம்பிள் எடுத்த தேதியும் அதுவே.

ஷெர்வின் ரோடு தொடங்கும் இடத்தில் இருந்த பெயர்ப் பலகையைப் படித்துவிட்டு ஓடி வந்தான். சிரிப்பை அடக்க முடியாமல் பாதி போண்டாவை விழுங்கினான். "மேடம், இந்த ரோட்டைப் போட்டது யாருன்னு நினைக்கறீங்க? அதே சேலத்துக் கம்பெனிதானுங்க. 'தரம் நன்று'ன்னு சான்று குடுத்ததும் நம்ம விஜயகுமாருதான். போன மாசம் மாலையெல்லாம் போட்டுத் தெறந்தாங்க."

ஆக, சதியும் இல்லை, மண்ணும் இல்லை. பெரிய கம்பெனியின் மட்டமான ரோட்டை வெட்டி, லூர்துராஜின் பெயரை எழுதி லேபுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதற்கும் பகை காரணமில்லை, பிளக் இங்கே இருந்ததுதான் காரணம். ஒரு மனுஷனின் முப்பத்தொரு வருடம் ஒயர் நீளத்தில் அடங்கிப் போயிற்று. ஹேமலதாவுக்குக் கோபம் தலைக்கேறியது. வஞ்சம் வைத்துக் கெடுப்பவனையாவது எதிரி என்று மதிக்கலாம். எழுந்திருக்கச் சோம்பல்பட்டுக் கெடுப்பவனை என்னவென்று சொல்வது.

"கமலா, நாளைக்குச் சேலத்துக்கு வந்து இதைச் சொல்லணும்."

கமலாவின் கை டம்ளரோடு நின்றது. "என்ற கடை ரோட்டுப் புறம்போக்குல இருக்குதுங்க. நான் வாயத் தொறந்தா மறுநாள் அதே ஆபீஸ் ஜேசிபியோட வரும். சீட்டையும் குடுத்துருங்க."

அவள் சீட்டை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். தவறு சொல்ல முடியாது. ஓட்டைகளைப் போட்டோ எடுத்தாலும், வேறு ஏதோ சோதனைக்கு எடுத்தோம் என்று ஒரு வரி எழுதிவிடுவார்கள். மாரமங்கலத்தில் ஏன் தழும்பு இல்லை என்றால், கான்ட்ராக்டரே கூட இருந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார், அவரைக் கேளுங்கள் என்பார்கள்.

ஹேமலதா பெஞ்சில் உட்கார்ந்து டீயைக் குடித்து முடித்தாள். அப்புறம் போனை எடுத்து, ஷெர்வினின் கண்ணெதிரிலேயே, உதவிப் பொறியாளர் விஜயகுமாரைக் கூப்பிட்டாள்.

"சார், லூர்துராஜ் தரப்புல பேசறேன். நாளைக்கு விசாரணையில ஒரு மனு குடுக்கறோம். சாம்பிள் எடுத்த மூணு ஓட்டையையும் மாரமங்கலம் ரோட்டுல பெரிய அதிகாரி நேர்ல வந்து பார்க்கணும். முன்கூட்டியே சொல்றது மரியாதை இல்லையா, அதான்."

அந்தப் பக்கம் ஒரு இருமல் கேட்டது. லைன் துண்டிக்கப்பட்டது.

ஷெர்வின் அவளையே பார்த்தான். "மேடம், போண்டாவுல ஏதாச்சும் கலந்திருந்துச்சா? இப்ப அந்தாளு மெஷினைத் தூக்கிட்டுப் போயி மாரமங்கலத்துல மூணு ஓட்டை போட்டுச் சேத்தைப் பூசிருவாரு. இருந்த ஒரே தடயம் ஓட்டை இல்லாததுதான். அதையும் குடுத்துட்டீங்க."

"ஏற்காட்டுல ஒண்டிக்கடை பக்கம் ஜெராக்ஸ் கடை திறந்திருக்குமா?"

"இருக்குமுங்க. எதுக்கு?"

"ஒரு பக்கம் டைப் அடிக்கணும். அப்புறம் ஒரு பென்சில் வேணும்."

*

மத்தியானம் மூன்றேகாலுக்குத் துறையின் ஜீப் மாரமங்கலம் ரோட்டுக்குள் நுழைந்தது. சைட் ஷெட்டின் தகர இடுக்கு வழியாக ஹேமலதா பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சிமெண்ட் மூட்டை மேல் லூர்துராஜ், கையில் ஜெபமாலையோடு. வெளியே ஸ்டூல் போட்டு, ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயும் மாட்டிக்கொண்டு, மடியில் பேரேட்டோடு ஷெர்வின். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் என்று எவரும் நம்புவார்கள்.

விஜயகுமார் இறங்கினார். முகம் வெளுத்திருந்தது. கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, பாட்டில் தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பினார். கொமட்டல் விஷயத்தில் மட்டும் ஆள் பொய் சொல்லவில்லை.

"ஏப்பா, இதுதானே மாரமங்கலம் பிரிவு ரோடு?"

இந்த ரோட்டை நீளம் அகலம் கனம் என்று மூன்று பக்கத்துக்கு அளந்து எழுதியவர் கேட்கிறார். உள்ளே லூர்துராஜ் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆமாங்க சார்," என்றான் ஷெர்வின்.

"கொஞ்சம் கரண்ட் வேணும். அரை மணி நேரம். மெஷின் ஓட்டணும்."

"தாராளமாங்க. இது ஷெட்டு மீட்டருங்க சார். லெட்டர் இல்லாமக் குடுத்தா மேல இருக்கறவங்க என்னைத் தொலைச்சுருவாங்க. ஆபீஸ் மொறை உங்களுக்குத் தெரியாததா? லெட்டர் கையிலயே ரெடியா இருக்குதுங்க, குறி போட்ட எடத்துல ஒரு கையெழுத்து போதும்."

பேரேட்டின் மேல் ஒரு தாள். கீழே வலது ஓரத்தில் பென்சிலால் அழகாக ஒரு பெருக்கல் குறி.

விஜயகுமாரின் கண் நேராகக் குறிக்குப் போனது. இருபத்திரண்டு வருடத் தணிக்கையில் ஹேமலதா கற்றது இது ஒன்றுதான். அந்த ஆபீஸ்களில் யாரும் தாளை மேலிருந்து கீழே பார்ப்பதில்லை. கீழே மட்டும்தான் பார்ப்பார்கள். அவர் ஜீப் பானெட்டில் தாளை வைத்தார், கையெழுத்துப் போட்டார், சட்டைப்பையிலிருந்து ரப்பர் ஸ்டாம்பை எடுத்து வாயால் ஊதிக் குத்தினார். தேதியும் நேரமும் எழுதச் சொன்னபோது அதையும் எழுதினார்.

"சிரமத்துக்கு மன்னிக்கோணுமுங்க சார்," என்றான் ஷெர்வின். தாளைப் போட்டோ எடுத்துக்கொண்டே பிளக்கைக் காட்டினான்.

மெஷின் அலற ஆரம்பித்தது. லூர்துராஜ் எழப் பார்த்தார். "அம்மா, என்ற ரோட்டை வெட்டறாங்க அம்மா." ஹேமலதா அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். பத்து நிமிடம் ஆயிற்று. இருபது ஆயிற்று. மெஷின் ஆள் தலையைச் சொறிந்தார். முப்பத்தைந்தாவது நிமிடத்தில் ஒரு துண்டு வெளியே வந்தது. பிசிறில்லாமல், முழுசாக.

"சார், இது கருங்கல்லாட்டம் இருக்குதுங்க," என்றார் மெஷின் ஆள். "வெள்ளக்கடையில மூணையும் அரை மணி நேரத்துல எடுத்தோமே. இங்க இன்னும் ரெண்டு எடுக்கறதுக்குள்ள பிளேடு போயிரும்."

"வாயை மூடுய்யா," என்றார் விஜயகுமார்.

"ஒண்ணே போதும்," என்றபடி ஹேமலதா வெளியே வந்தாள். "சார், காலையில போன்ல பேசினது நான்தான். நீங்க கையெழுத்துப் போட்ட தாளோட நகல் இது. நேரம் கிடைச்சா வாசிங்க."

விஜயகுமார் வாங்கினார். முதல் தடவையாக மேலிருந்து ஆரம்பித்தார். அதில் நான்கே வரி. 'மாரமங்கலம் பிரிவு சாலையில் இன்றைய தேதி வரை கான்கிரீட் மாதிரித் துண்டு எதுவும் எடுக்கப்படவில்லை. சாலையில் எந்த ஓட்டையும் இல்லாததை நேரில் பார்த்தேன். முதல் மாதிரியை இன்றுதான் எடுக்கிறேன். அதற்கு மின்சாரம் தந்து உதவவும்.' ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கீழே அவர் கையெழுத்து, அவர் முத்திரை, அவர் கையாலேயே எழுதிய நேரம்.

வாசித்து முடிக்க அவருக்கு வெகு நேரம் பிடித்தது. பழக்கமில்லை, பாவம்.

"இது... என்னை ஏமாத்தி வாங்கினது."

"அப்படியே நாளைக்குச் சொல்லுங்க," என்றாள் ஹேமலதா. "படிக்காமப் போட்டுட்டேன்னு சொல்லுங்க. அவரும் அதேதான் சொல்லப் போறாரு. ரெண்டு பேரையும் ஒரே மாதிரி நம்பட்டும்."

"கிழிக்கறதுன்னாலும் கிழிச்சுக்கலாமுங்க சார்," என்றான் ஷெர்வின் குல்லாயைக் கழற்றியபடி. "போட்டோ சேலத்துப் பெரிய ஆபீசுக்குப் போயி அரை மணி நேரமாச்சு."

அப்போதுதான் ஷெட்டுக்குள்ளிருந்து லூர்துராஜ் வந்தார். அவரைப் பார்த்ததும் விஜயகுமாருக்கு உயிர் வந்தது. எப்படி மடக்குவதென்று தெரிந்த ஒரே ஆள் அங்கே அவர்தான்.

"லூர்துராஜ், இதெல்லாம் வெளியாளுங்களை வெச்சு எதுக்கு? நமக்குள்ள பேசிக்கலாம். லேப்ல பேர் மாறிடுச்சுன்னு நான் ஒரு லெட்டர் போட்டுடறேன். அடுத்த ரோடும் நீங்கதான் செய்யணும், என்ன?"

 முப்பத்தொரு வருடப் பழக்கம். இந்த இடத்தில் அந்த மனுஷன் 'சரிங்க ஐயா' என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் காலையிலிருந்து பட்ட பாடெல்லாம் வீண். அவர் சொல்லிவிடுவார் என்றுதான் ஹேமலதா நினைத்தாள்.

 லூர்துராஜ் திரும்பி உள்ளே போனார். ஒரு சட்டி நிறையச் சிமெண்ட்டைக் குழைத்து, கொத்தனார் கரண்டியோடு எடுத்து வந்து விஜயகுமாரின் காலடியில் வைத்தார். மெஷின் ஆள் குனிந்து எடுக்கப் போனபோது, கையை நீட்டித் தடுத்தார்.

"நீ இரு சாமி." அப்புறம் விஜயகுமாரைப் பார்த்தார். "ஓட்டைய நீங்க மூடிட்டுப் போங்க."

ஷெர்வின் 'ஐயா' வரும் என்று காத்திருந்தான். வரவில்லை.

விஜயகுமார் ஹேமலதாவைப் பார்த்தார், கையிலிருந்த நகலைப் பார்த்தார், கடைசியில் பேண்ட்டைக் கொஞ்சம் தூக்கிவிட்டுக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கரண்டியை எப்படிப் பிடிப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. லூர்துராஜ் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னும் வழவழன்னு இழுங்க," என்றார். "இது என்ற ரோடு. தழும்பு தெரியக் கூடாது."